நீலத் தார்ப்பாயும் பதினெட்டு ஜோடிச் செருப்பும்

தாம்பரத்திலிருந்து கடல் அப்படியொன்றும் தூரமில்லை. இருபது வருடங்களாக ஏழாம் வகுப்புப் பெண்களுக்குத் தமிழ்நாட்டின் கடற்கரையைப் படத்தில் வரையச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கடற்கரையில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் தங்கியது ஒரே ஒரு முறைதான். அதுவும் ஊர் பார்க்கப் போகவில்லை. என் மகள் நடத்திவந்த சுற்றுலாத் தொழிலைத் தொடரச் சொல்வதா, நிறுத்தச் சொல்வதா என்று முடிவு செய்யப் போனேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மாமல்லபுரத்தில் மாதத்துக்கு ஒரு லாட்ஜ் முளைத்துக்கொண்டிருந்தது. கடலோரத் தென்னந்தோப்புகளில் ‘ரிசார்ட்’ என்று பலகை நட ஆரம்பித்திருந்தார்கள். வாணிக்கு அப்போது இருபத்தைந்து வயது. பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை எடுத்து, ஒரு வேனை வைத்துக்கொண்டு சுற்றுலா நடத்தினாள். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத்து மனிதர்களைக் கடலுக்கு அழைத்துப் போவதும், விமானத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்களை அவர்களோடு சேர்த்துக்கொள்வதும்தான் அவள் தொழில். அவள் அப்பா எதற்கும் “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விடுவார். கவலைப்படுகிற வேலை முழுவதும் என்னுடையது.

நான் அந்தப் பயணம் கிளம்புவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், அவள் அழைத்துப்போன கல்லூரி மாணவன் ஒருவனை மாமல்லபுரத்துக் கடல் இழுத்துக்கொண்டது. மீன்பிடித்துத் திரும்பியவர்கள் தற்செயலாகப் பார்த்துத் தூக்கிவந்தார்கள். பிழைத்துவிட்டான். ஆனால் அவன் காணாமல் போனதே வேனில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. அவனுடைய அப்பா ஒருநாள் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். தண்ணீர் கேட்டார். குடித்தார். “எம்புள்ளையோட செருப்பு முக்கா மணி நேரம் கரையில கெடந்திருக்குங்க. ஒருத்தர் கண்ணுலயும் படல” என்று சொல்லிவிட்டு, டம்ளரைத் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு கேட் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். இன்றைக்கும் அப்படித்தான்.

“விட்டுடு வாணி” என்றேன்.

“ஒரு தடவை நீ வந்து பாரும்மா. மூணு நாள். பார்த்துட்டும் வேணாம்னு சொன்னா, விட்டுடறேன்.”

“நிஜமா?”

“நிஜமா. ஆனா நீ என் அம்மான்னு வேன்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

இப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை தாம்பரம் ரயில் நிலையத்துக்கு எதிரே, கையில் ஒரு கூடையும் தோளில் ஒரு பையுமாக, என் சொந்த மகளிடம் “எந்த சீட்டும்மா?” என்று கேட்டுக்கொண்டு வேனில் ஏறினேன். “ஏழாம் நம்பர், மேடம்” என்றாள் அவள், முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல்.

என்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். பக்கத்து இருக்கையில் முடிச்சூரைச் சேர்ந்த முனுசாமியும் அவர் மனைவி கன்னியம்மாவும் இருந்தார்கள். நெல் விளைந்த நிலத்தைச் சமீபத்தில்தான் மனை போட்டு விற்றிருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில் முனுசாமி கடலைப் பார்க்கப் போவது இதுதான் முதல் முறை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“மெட்ராஸுக்குப் போனதே இல்லையா?”

“போயிருக்கேன் டீச்சர். கோர்ட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு. கடலாண்ட இன்னா வேல?”

“இப்ப மட்டும் இன்னா வேலயாம்?” என்றாள் கன்னியம்மா. “நெலம் போச்சு, மாடு போச்சு. வூட்ல குந்திகினு என் உசுர வாங்கிகினு இருந்தாரு. அதான் இட்டாந்தேன்.”

முன் இருக்கையில் பிரான்ஸிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள், பெயர் மரியான். எழுபது வயதில் தனியாக வந்திருந்தார்.  “உங்கள் பிள்ளைகள் எப்படி விட்டார்கள்?” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். “அவர்களிடம் நான் ஏன் கேட்க வேண்டும்? அவர்கள் கேட்டா கிளம்பினார்கள்?” என்று அதே ஆங்கிலத்தில் பதில் வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கேளம்பாக்கத்து உப்பளங்கள் கண்ணில் படும் இடத்தில் வேன் கொதித்து நின்றுவிட்டது. ஓட்டுநர் டேவிட் எங்கள் பகுதிக்காரர்தான். வீட்டுக்கு வந்து போகிறவர். நான் யாரென்று வேனில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு ஒரு டீக்கடைக்குப் போனார். கடைக்காரர் வேனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“தண்ணி சும்மாவே தர்ரேன். ஆனா வண்டி ஆற அரமண்ணேரம் ஆவும். அதுவரிக்கும் இத்தினி பேரும் சும்மாவா நிப்பீங்கோ?”

பதினெட்டு டீயும் ஒரு தட்டு மசால் வடையும் விற்றன. மரியான் மூன்று வடை சாப்பிட்டார். அப்போதுதான் கவனித்தேன்: எல்லோரும் திரும்ப ஏறியதும், வாணி நடந்துகொண்டே ஒவ்வொரு இருக்கையின் மேல்விளிம்பையும் விரலால் தொட்டு எண்ணினாள். பதினெட்டு. கதவை மூடினாள். மறுபடியும் எண்ணினாள். பள்ளிக்கூடத்திலிருந்து மாணவிகளைச் சுற்றுலா அழைத்துப்போகும்போது நானும் எண்ணியிருக்கிறேன். கதவை மூடிய பிறகு மறுபடி எண்ணியதில்லை.

அன்று மதியம் முதலைப் பண்ணை. நூற்றுக்கணக்கில் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் கிடந்தவற்றைப் பார்த்து முனுசாமி, “எல்லாம் என்னிய மாரியே கீது. வேல இல்ல” என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்கு மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே திறந்திருந்த ஒரு கூரைக் கடைக்குப் போனோம். வாழைப்பழ பான்கேக் என்று ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். முனுசாமி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது தோசதான். சாம்பாரு மறந்துட்டான்” என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

மறுநாள் காலை முழுவதும் கற்சிற்பங்கள். அவற்றைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நான் எழுத ஒன்றுமில்லை. கல் அறுக்கும் தூள் தெருவெல்லாம் மாவு போலப் படிந்திருந்தது. முன்னெல்லாம் சிற்பிகள் கோயிலுக்குச் செய்வார்கள். இப்போது பெட்டிக்குள் அடங்குகிற யானை செய்கிறார்கள் என்றார் வாணி கூட்டிப்போன கடையின் சொந்தக்காரர். “பெரிய பிள்ளையார் செஞ்சா யாரு மேடம் பிளைட்ல தூக்கினு போவான்?”

மாலை நாலரை மணிக்குக் கடற்கரை.

மணல் தொடங்கும் இடத்தில் டேவிட் வேனை நிறுத்தி, நீல நிறத் தார்ப்பாய் ஒன்றை விரித்தார். வாணி எல்லோரையும் சுற்றி நிற்கவைத்தாள்.

“மணல்ல இறங்குற எல்லாரும் செருப்பை இந்தத் தார்ப்பாய் மேல விடணும். திரும்பி வந்ததும் போட்டுக்கணும். செருப்பு இங்க இருந்தா நீங்க கடல்கிட்ட இருக்கீங்கன்னு அர்த்தம். நான் விசில் அடிச்சா எல்லாரும் வந்துடணும். முழங்காலுக்கு மேல யாரும் தண்ணியில போகக் கூடாது.”

பக்கத்தில் வேறு வேன்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர், “டேவிட்டு, இன்னாபா, செருப்புக் கடை வச்சிட்டியா? என் சைஸு இருக்குதா?” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

“உன் வாய் சைஸுக்குத்தான் இல்ல” என்றார் டேவிட், செருப்புகளை ஜோடி ஜோடியாக நேராக வைத்துக்கொண்டே.

நானும் என் பழுப்பு நிறத் தோல் செருப்பை விட்டேன். பல்லாவரத்தில் வாங்கியது, கட்டைவிரல் பிடிப்பில் கறுப்பு நூலால் தைத்திருந்தேன். அலையோரமாகக் கொஞ்சம் நடந்தேன். செம்பாக்கத்து ஏரி காலையில் பார்த்த மாதிரிதான் மாலையிலும் இருக்கும். இது ஓயாமல் வந்து காலைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. முனுசாமி வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீரில் நின்று, ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். “இவ்ளோ தண்ணிய வச்சிகினு ஒரு ஏக்கரு நட முடியாது” என்று கன்னியம்மாவிடம் புலம்பினார். அந்த மாணவனின் அப்பா முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

ஊருக்குள் பெருமாள் கோயில் இருப்பது ஞாபகம் வந்தது. விசிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. போய்ப் பெருமாளிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்பது என்ன, அவள் இதை விட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்வதுதான் எண்ணம். கிளம்பினேன்.

தார்ப்பாயைத் தாண்டும்போது செருப்பை எடுக்கத்தான் நினைத்தேன். கோயில் வாசலில் நான் மூன்று முறை செருப்பைத் தொலைத்தவள். ஒருமுறை வெறுங்காலோடு வெயிலில் பஸ் ஏறியிருக்கிறேன். சாமி கும்பிடும்போது பாதி மனம் செருப்பில் இருக்கும். இங்கே டேவிட் காவல் இருக்கிறார், தனியாக விரிப்பு இருக்கிறது, ஜோடி ஜோடியாக வரிசையில் இருக்கிறது. இதைவிடப் பத்திரமான இடம் எந்தக் கோயிலில் கிடைக்கும்? எப்படியும் அங்கே போய்க் கழற்றத்தானே போகிறோம். டேவிட் அந்தச் சமயம் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். வெறுங்காலோடு நடந்துவிட்டேன்.

அந்த வயதுவரை அவ்வளவு நிம்மதியாக நான் சாமி கும்பிட்டதில்லை. அர்ச்சகர் வர நேரமாயிற்று. தீர்த்தம் வாங்கி, சடாரி வைத்துக்கொண்டு, பிரகாரமும் சுற்றினேன்.

திரும்பி வந்தபோது கரையில் கூட்டம். கடலை நோக்கி எல்லோர் முகமும் இருந்தது. இரண்டு படகுகள் அலையைத் தாண்டிப் போயிருந்தன.  கூட்டத்தின் பின்னால் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், “என்ன ஆச்சும்மா?” என்று கேட்டேன்.

“டூர் வேன்ல வந்த ஒரு அம்மா தண்ணியில போயிட்ச்சாம்.”

“ஐயோ. வயசானவங்களா?”

“உன் வயசுதான் இருக்குமாம்.”

“பிள்ளைங்க இருக்காங்களாமா?”

“யாரு கண்டா? தோ பாரு, அந்த வேன்காரப் பொண்ண. அழுவுதா பாரேன். கல்லு மாரி நிக்கிது. போனது அதோட ஆத்தாவா இன்னா?”

அப்போதுதான் வாணியைப் பார்த்தேன். இடுப்புவரை நனைந்திருந்தாள். குரல் உயர்த்தாமல் ஆள் ஆளாகப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். “முனுசாமி அண்ணா, நீங்க வடக்குப் பக்கம் நடந்துகிட்டே தண்ணியப் பார்த்துட்டு வாங்க. கன்னியம்மா அக்கா, நீங்க கடைத்தெரு. மத்தவங்க எல்லாம் தார்ப்பாயை விட்டு நகரக் கூடாது. படகுக்கார அண்ணா, படகை இன்னும் தெற்கால விடச் சொல்லுங்க, இழுப்பு அந்தப் பக்கம்தான்.” அவள் பின்னால் டேவிட் நின்றிருந்தார். அவர் கையில் ஒரு ஜோடிச் செருப்பு. பழுப்புத் தோல். கட்டைவிரலில் கறுப்பு நூல்.

என்னைத்தான் தேடுகிறார்கள் என்பது என் மூளைக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் நின்றேன். நெற்றியில் குங்குமம், கையில் துளசி.

வாணி என்னைப் பார்த்தாள். உதடு மட்டும் ஒருமுறை அசைந்தது. உடனே கடல் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். “படகைத் திருப்பச் சொல்லுங்கண்ணா. கிடைச்சுட்டாங்க.” வடக்கே போன முனுசாமியை அழைத்துவர ஆள் அனுப்பினாள். பிறகு மற்றவர்களிடம், “மேடம் வந்துட்டாங்க. பதினெட்டு. எல்லாரும் ஏறுங்க” என்றாள்.

வேனில் அவள் எண்ணிக்கொண்டு வந்தபோது, ஏழாம் நம்பர் இருக்கையின் விளிம்பைத் தொடவில்லை. என் தலைமேல் கையை வைத்தாள். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு எட்டாம் இருக்கைக்குப் போயிற்று. குனிந்து பார்த்தேன். அவள் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

மூன்றாம் நாள் காலை, மற்றவர்கள் கடைத்தெருவில் சங்கு வாங்கப் போனார்கள். வாணி லாட்ஜ், வேன் உரிமையாளர்களின் சங்கக் கூட்டத்துக்குப் போனாள். நானும் போனேன். ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில் பந்தல் போட்டிருந்தார்கள். வந்தவர்களில் எங்கள் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் ஆண்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கூல்டிரிங்க் பாட்டில்.

சங்கத் தலைவர் ராமலிங்கம் மூன்று லாட்ஜுக்குச் சொந்தக்காரர். நன்றாகப் பேசினார். பக்கத்து மாநிலங்கள் கடலை வைத்து எப்படி முன்னுக்கு வந்துவிட்டன, நாம் எப்படித் தூங்கிவிட்டோம், கடற்கரைச் சாலை அகலமானால் என்ன நடக்கும் என்றெல்லாம் சொன்னார். எனக்கே ஆர்வம் வந்துவிட்டது. பிறகு வாணி பக்கம் திரும்பினார்.

“இந்தப் பொண்ணு எல்லா வேன்லயும் செருப்பு எண்ணணும்னு எழுதிக் கொடுத்திருக்கு. தப்பா நினைக்காதம்மா. சந்தோஷமா இருக்க வர்றவன்கிட்ட செருப்பைக் கழட்டு, நீ செத்தா எனக்குத் தெரியணும்னு சொன்னா, அடுத்த தடவை வருவானா? நீ இதை நிறுத்தலைன்னா, லாட்ஜுங்கள்ல நாம கொடுக்கற வேன் லிஸ்ட்டுல உன் பேரை வைக்கறது கஷ்டம்.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “நேத்து ஒரு அம்மா கோயிலுக்குப் போனதுக்கு ரெண்டு படகு வுட்டாங்களே, அதையும் சொல்லு தலைவரே!”

பந்தலே சிரித்தது. வாணி தலைகுனிந்து எழுதிவந்த தாளை மடித்தாள். வீட்டு கேட்டில் நின்ற அந்த மனிதரிடம் அன்று எனக்குச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. இப்போது எப்படிக் கிடைத்தது என்று தெரியாது, எழுந்துவிட்டேன்.

“அந்த அம்மா நான்தான்” என்றேன். சிரிப்பு நின்றது. “செருப்பு பத்திரமா இருக்கும்னு விட்டுட்டுக் கோயிலுக்குப் போனேன். தப்பு என்னுடையது. ராத்திரி டேவிட்கிட்ட ஒண்ணு கேட்டேன். விசில் அடிச்சதுலேருந்து படகு தண்ணியில இறங்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னு. எட்டு நிமிஷம். நாலு மாசத்துக்கு முன்னால ஒரு பையன் நிஜமாவே போனான். அவன் செருப்பு முக்கால் மணி நேரம் கிடந்தது. நான் இந்தப் பொண்ணோட அம்மா. இந்தத் தொழிலை நிறுத்தச் சொல்லணும்னுதான் வந்தேன். உங்க வேன்ல நான் வந்திருந்து, நேத்து கோயிலுக்குப் போகாம கடலுக்குள்ள போயிருந்தா, உங்களுக்கு எப்பத் தெரிஞ்சிருக்கும்?”

 ராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உக்காருங்கம்மா. கூல்டிரிங்க் சாப்பிடுங்க” என்றார். பிறகு, “அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம். அதுவரைக்கும் லிஸ்ட்டுல பேரு இருக்கட்டும்” என்றார். வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் கீழே இறங்கியதும், முந்தின நாள் கேலி செய்த வேன்காரர் டேவிட்டின் தோளைத் தட்டி, “மச்சான், அந்தத் தார்ப்பாய் எங்க வாங்கின?” என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

“பல்லாவரம் சந்தை. வெள்ளிக்கெழம காத்தாலயே போயிடு.”

திரும்பும் வழியில் வேன் கொதிக்கவில்லை. டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கையாட்டியதற்காக டேவிட் நிறுத்தினார். மரியான் மறுபடி மூன்று வடை. “உங்கள் மகளா?” என்று கேட்டார். விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. ஆமாம் என்றேன். “அவள் உங்களிடம் கேட்டுத்தான் செய்கிறாளா?” என்றார். நான் வடையைக் கடித்தேன். முனுசாமி ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் எடுத்து வந்திருந்தார். எதற்கென்று கேட்டால், “ஊர்ல நம்ப மாட்டானுங்க” என்றார்.

மூன்று மணிக்குச் செம்பாக்கத்து வீட்டை அடைந்தோம். வாசலில் என் செருப்பைக் கழற்றினேன். பக்கத்தில் வாணி புதிதாக வாங்கிய ரப்பர் செருப்பைக் கழற்றினாள். உள்ளே போகாமல் நின்றாள்.

“சொல்லும்மா. நடத்தட்டுமா, விட்டுடட்டுமா?”

“நேத்து நீ தண்ணியில இறங்கினப்போ உன் செருப்பு எங்க இருந்தது?”

“கால்ல. கழட்ட நேரமில்லை. ஒண்ணு போயிடுச்சு.”

“எப்பவும் நீ தார்ப்பாய்ல விடுவியா?”

 “நான்தானேம்மா எண்ணறேன்.”

நான் உள்ளே போய், பள்ளிக்கூடத்தில் படம் வரையப் பயன்படுத்தும் வெள்ளைப் பெயிண்டையும் அடிக்கோலையும் எடுத்து வந்தேன். டேவிட்டிடம் தார்ப்பாயை இறக்கச் சொல்லி மொட்டை மாடியில் விரித்தோம். மணலை உதறினோம். சாயங்காலத்துக்குள் இருபது கட்டங்கள் போட்டு, இரண்டிலிருந்து இருபதுவரை எண் எழுதினேன். டேவிட்டுக்கும் ஒன்று. முதல் கட்டத்தில் எண் போடவில்லை. அதில் ‘வாணி’ என்று எழுதினேன்.

“இதை யாரும்மா எண்ணுவா?” என்றாள்.

“டேவிட் எண்ணட்டும்” என்றேன். “லீவு நாள்ல நான் வரேன்.”